வீட்டுக்கல்வியில் வரலாறு: கைவேலை சொல்லித்தருகிறதா, நேரத்தைத் தின்கிறதா?

மணல்கடிகாரம்:
ஹோம்ஸ்கூலிங் செய்யும் பெற்றோரிடையே வரலாறு என்றாலே அட்டையும் பசையும்தான் என்றாகிவிட்டது. சர்க்கரைக் கட்டியில் பிரமிடு, அட்டையில் ரோமானியக் கேடயம், ஒரு போட்டோ, பாடம் முடிந்தது. பிரமிடு செய்து முடித்த ஒரு சிறுமியிடம் "இதை யாருக்காகக் கட்டினார்கள்?" என்று கேட்டுப் பார்த்தேன். அவளுக்குத் தெரியவில்லை. பசை காய எவ்வளவு நேரமாகும் என்பதைத்தான் விவரமாகச் சொன்னாள்.

செங்கடல் கரையிலுள்ள வாடி அல்-ஜார்ஃபில் 2013-ல் பாப்பிரஸ் என்ற நாணல் தாள் சுருள்கள் கிடைத்தன. எகிப்திய மன்னன் கூஃபுவின் பிரமிடுக்காகத் தூராக் கல்குவாரியிலிருந்து கீசாவுக்குப் படகில் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் சென்ற மேரெர் என்ற அதிகாரியின் நாட்குறிப்பு அதில் இருக்கிறது. அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினாலே பிள்ளைக்கு ஒரு மனிதன், ஒரு வேலை, ஒரு ஆறு மனதில் நிற்கும். அந்த அரை மணி நேரத்தை ஏன் பசைக்குக் கொடுக்க வேண்டும்?

நாணல்:
சர்க்கரைக் கட்டியை வைத்து எல்லாக் கைவேலையையும் எடைபோடாதீர்கள். எகிப்தியருக்குக் கல்லை வெட்டுவதும் இழுப்பதும் ஏற்றுவதும்தான் சிக்கல். சர்க்கரைக் கட்டியில் அந்தச் சிக்கலே இல்லை. அதனால்தான் பிள்ளை ஒன்றும் கற்கவில்லை.

ஈரக் களிமண்ணையும் முனை சதுரமாக வெட்டிய ஒரு நாணல் குச்சியையும் கொடுத்துப் பாருங்கள். பிள்ளை முதலில் ஆட்டுத்தலையை வரையப் பார்க்கும். குச்சியை இழுக்க இழுக்க மண் இரண்டு பக்கமும் வரப்பு போலக் குவியும், வளைவு பிசிறடிக்கும். எரிச்சல் வரும். கொஞ்ச நேரத்தில் இழுப்பதை விட்டுவிட்டு, குச்சி முனையை அழுத்தி எடுக்கும். சுத்தமாக ஒரு ஆப்புத் தடம் விழும். மெசபடோமியாவில் (இன்றைய ஈராக் பகுதி) எழுத்தில் பல நூற்றாண்டுகளில் நடந்த மாற்றம் இது. கி.மு. 3200 வாக்கில் அங்கே ஊருக் என்ற நகரில் படமாகக் கீறிய குறிகள்தான் பிற்பாடு ஆப்பெழுத்தாயின. "ஏன் அப்படி மாறியது?" என்ற கேள்விக்கு என் மகன் வாயால் பதில் சொல்லவில்லை, குச்சியை அழுத்திக் காட்டினான்.

தொலைநோக்கி:
நான் மணல்கடிகாரம் பக்கம். பிள்ளை எதைப் பற்றி யோசிக்கிறதோ அதுதான் நினைவில் தங்கும். அறிவாற்றல் உளவியலாளர் டேனியல் வில்லிங்ஹாம் இதற்கு ஓர் உதாரணம் சொல்வார். அமெரிக்காவில் அடிமைகள் தப்பியோடிய வரலாற்றைப் பற்றிய பாடம். அவர்கள் சாப்பிட்ட பிஸ்கட்டை மாணவர்களையே சுடச் சொன்னார் ஆசிரியர். மாணவர்கள் யோசித்ததெல்லாம் மாவு எவ்வளவு, பால் எவ்வளவு என்றுதான்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து மக்கள் போய்த்தான் பசிபிக் தீவுகளான பாலினீசியாவில் குடியேறினார்கள் என்று காட்ட, 1947-ல் நார்வேக்காரரான தோர் ஹெயர்டால் பால்சா மரத் தெப்பத்தில் பெருவிலிருந்து புறப்பட்டு 101 நாளில் போய்ச் சேர்ந்தார். வீரமான பயணம்தான். ஆனால் மொழியும் அகழாய்வும் மரபணுவும் அந்த மக்கள் ஆசியப் பக்கமிருந்து வந்ததைத்தான் காட்டுகின்றன. ஒன்றைச் செய்ய முடிந்தது என்பதற்காக அது அப்படித்தான் நடந்தது என்று ஆகிவிடாது. வளர்ந்தவரே தடுமாறும் இடத்தில் பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

கூடுகட்டி:
தெப்பக் கதையே அருமையான பாடமாயிற்றே! முதலில் செய்துபார்த்து, அப்புறம் சான்றோடு ஒப்பிடச் சொல்லலாம்.

வெவ்வேறு வயதில் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எல்லோரையும் ஒரே புத்தகத்தின் முன் உட்காரவைக்க முடியாது, களிமண் முன் முடியும். சிந்துவெளிச் செங்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம், அகலம், நீளம் 1:2:4. அந்த விகிதத்தில் சின்னச் சின்னக் கற்கள் செய்து சுவரின் மூலையைக் கட்டச் சொல்லுங்கள். இரண்டு கல்லைக் குறுக்கே வைத்தால் ஒரு கல்லின் நீளம் வந்துவிடும், மூலை பூட்டிக்கொள்ளும். கண்ட அளவில் செய்த கற்களில் மூலை பிளந்து நிற்கும். சின்னவளுக்கு அது போதும். பெரியவன் அடுத்த கேள்விக்குத் தாவுவான்: இவ்வளவு தூரம் தள்ளித்தள்ளி இருந்த ஊர்களில் ஒரே விகிதம் எப்படி வந்தது? அப்போது புத்தகத்தை நீட்டுங்கள், தானாக வாங்கிப் படிப்பான்.

மணல்கடிகாரம்:
செங்கல்லும் களிமண்ணும் சரி, ஏற்கிறேன். ஆனால் வரலாற்றில் பெரும்பகுதி பொருளே இல்லையே. சட்டம், கடன், பஞ்சம், அடிமை வணிகம். அட்டையில் அடிமைக் கப்பல் செய்யச் சொல்லும் பாடத்திட்டங்கள் இருக்கின்றன. சங்கிலியில் கட்டிக்கிடந்த மனிதர்களைக் குச்சியில் செய்து வண்ணம் பூசுவதா? எனக்கு உடம்பு நடுங்குகிறது.

நாணல்:
அதில் உங்களோடு முழுவதும் நிற்கிறேன். அங்கே அந்த மனிதர்களின் வாக்குமூலங்களைத்தான் படிக்க வேண்டும், கத்தரிக்கோலுக்கு வேலையில்லை. ஆனால் கடன் உங்கள் பட்டியலில் இருக்கக் கூடாது. பழைய களிமண் பலகைகளில் பெரும்பாலானவை கணக்குதான்: இத்தனை ஆடு, இத்தனை வாற்கோதுமை. பலகை காய்ந்தபின் எண்ணை மாற்ற முடியாது என்று கண்ட பிள்ளைக்கு, கடன் பத்திரம் ஏன் நம்பிக்கைக்குரியதானது என்று விளக்கவே வேண்டாம்.

தொலைநோக்கி:
அப்படியானால் ஒரு நிபந்தனை. மேஜையைத் துடைத்த பிறகு, பலகையைப் பார்க்காமல் பிள்ளை ஐந்து வாக்கியம் எழுத வேண்டும். பசையையும் மண்ணையும் பற்றி மட்டுமே எழுதினால் அந்தக் கைவேலையை அடுத்த ஆண்டு விட்டுவிடுங்கள்.

நாணல்:
எழுதட்டும், ஆனால் செய்வதற்கு முன்னால். "படம் ஏன் ஆப்பாக மாறியிருக்கும்?" என்று ஊகம் எழுதிவிட்டு மண்ணைத் தொடட்டும். செய்தபின் எழுத வைத்தால் அது பரீட்சை. பரீட்சைக்காகச் செய்கிற பிள்ளை பலகை அழகாக வந்ததா என்றுதான் பார்க்கும்.

தொலைநோக்கி:
முன்னால் எழுதுவது ஊகம், அவ்வளவுதான். கற்றதா இல்லையா என்பது பின்னால் எழுதினால்தான் தெரியும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.