திசு வாழை: பாட்டில் கன்று குழித்தட்டில் கருகுது, என்ன செய்யலாம்?

குறிஞ்சிப்பாடி வாழை:
வணக்கம். ஆனி நடவுக்காக, ஆய்வகத்தில் திசு வளர்ப்பில் வளர்ந்து பாட்டிலிலிருந்து எடுத்த ஜி9 (கிராண்ட் நைன்) வாழைக் கன்றுகளைச் சித்திரையில் குழித்தட்டில் வைத்தாயிற்று. 50% நிழல்வலை, காலை மாலை தண்ணீர். நாலாம் நாளே இலை ஓரம் காய்கிறது. சில கன்றுகள் தூரில் குழைந்து சாய்கின்றன. தண்ணீரைக் கூட்டவா?

நிழல்குடில்:
கூட்டாதீங்க. ஆனி நடவு நல்ல முடிவு. தை, மாசியில்தான் பூ தள்ளும். தானே புயல் கடலூரில் கரையேறியது 2011 டிசம்பர் 30. அப்படிப் புயல் வரும் மார்கழி வாக்கில் மரத்தில் தார் நிற்காமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு.

காய்வதும் குழைவதும் வேறு வேறு கோளாறு. பாட்டிலுக்குள் காற்று முழுக்க ஈரம். அங்கே வளர்ந்த இலையில் மெழுகுப் பூச்சு சரியாக இருக்காது, இலைத்துளையும் ஒழுங்காக மூடாது. வேரும் பலவீனம். சித்திரைக் காற்று பட்டால் அடியில் எவ்வளவு ஊற்றினாலும் ஈடுகட்டாது. ஈரம் காற்றில் வேண்டும். தட்டின் மேல் வளைகம்பி நட்டு பாலித்தீன் தாளால் மூடுங்க, அதற்கு மேல் 75% நிழல்வலை. முதல் வாரம் ஈரப்பதம் 90% பக்கம் இருக்கட்டும். எட்டாம் நாள் காலையில் அரைமணி திறந்து, தினமும் கொஞ்சம் கூட்டி, மூன்றாம் வாரக் கடைசியில் தாளை எடுத்துவிடலாம். உள்ளே 35 டிகிரி தாண்டினால் ஓரத்தைத் தூக்கிப் பனிபோல் நீர் தெளிக்கணும்.

குழைவுக்குப் பெரும்பாலும் அகர் (பாட்டிலில் கன்று வளரும் கூழ்) மிச்சம்தான் காரணம். வளர்ப்பு ஊடகத்தில் லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை உண்டு, வேரிடுக்கில் ஒட்டியிருந்தால் பூஞ்சை பிடிக்கும். அடுத்த தொகுதியை ஓடும் நீரில் நீவிக் கழுவி, கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 1 கிராம் கரைசலில் 10 நிமிடம் வைத்து நடுங்க. டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையை 15 நாள் தள்ளிக் கொடுங்க. இல்லையென்றால் மருந்தே அதைக் கொன்றுவிடும்.

பாகூர் நாற்றங்கால்:
தட்டில் நிரப்பிய தேங்காய் நார்க்கழிவையும் பாருங்க. உவர்நீரில் ஊறிய மட்டையில் உப்பு தங்கும். கடலோரப் போர் தண்ணீரும் சேர்ந்தால் இதே ஓரக் கருகல்தான் வரும். பிழிந்த நீரில் ஈ.சி. (உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) 0.5 mS/cm-க்குள் வரும்வரை நல்ல தண்ணீரில் அலசுங்க. புது இலை விரிந்த பிறகே உரம்: தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ள 19:19:19 லிட்டருக்கு 1 கிராம், வாரம் ஒருமுறை.

குறிஞ்சிப்பாடி வாழை:
நன்றிங்க. சில கன்றுகள் மட்டும் குட்டையாக, இலை நெருங்கி நிற்கின்றன. வைத்துப் பார்க்கலாமா?

நிழல்குடில்:
அதிக நாள் வேண்டாம், தட்டிலிருந்து பையில் மாற்றி இரண்டு வாரத்திலும் அப்படியே நின்றால் பிடுங்கிவிடுங்க. ஒரே திசுவைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பெருக்கினால் மரபுப் பிறழ்வு கூடும். வாழையில் இப்படிப் பிரிப்பது 8 சுழற்சிக்கு மேல் போகக் கூடாது என்பது அதனால்தான். அசுவினி பரப்பும் முடிக்கொத்து வைரஸ் நோயாகவும் இருக்கலாம். காம்பில் கரும்பச்சைக் கோடு தெரிகிறதா பாருங்க. திசு வளர்ப்பு என்பதாலேயே வைரஸ் போய்விடாது. தாய்க்கிழங்கில் இருந்தால் கன்றிலும் வரும். தொகுதி எண்ணும் வைரஸ் சோதனைச் சான்றும் கேட்டு வாங்குங்க. அசுவினி நுழையாமல் குடிலுக்கு 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) வலை கட்டுங்க. 5, 6 இலையும் ஓரடி உயரமும் வந்த பிறகு வயலுக்குப் போகலாம்.