கிட்டார் வாசிக்க எந்த நாற்காலி நல்லது?

வணக்கம் நண்பர்களே. தினமும் ஒன்றரை மணி நேரம் அக்கூஸ்டிக் கிட்டார் பயிற்சி செய்கிறேன். அரை மணி தாண்டினாலே கீழ் முதுகு இறுகிவிடுகிறது, இடது தோளும் கூடவே. பயிற்சியைக் குறைக்க மனசே வரவில்லை.

இப்போது உட்காருவது கம்ப்யூட்டர் நாற்காலியில். கைப்பிடியில் கிட்டார் இடிக்கிறது என்று நுனியில் உட்கார்ந்து, கூன் போட்டு வாசிக்கிறேன். காலால் தாளம் தட்டினால் சக்கரம் நகர்கிறது. சோபாவில் இன்னும் மோசம், இடுப்பு புதைந்து முட்டி மேலே வந்துவிடுகிறது.

எனக்குத் தேவை கைப்பிடியும் சக்கரமும் இல்லாத, உயரம் மாற்றக்கூடிய, அமுங்கிப்போகாத இருக்கை. பாதம் முழுதும் தரையில் பட வேண்டும், முட்டி இடுப்பைவிட உயரக் கூடாது. தரையிலிருந்து என் முட்டி மடிப்பு வரை 43 செ.மீ.

டிரம்ஸ் வாசிப்பவர்களின் வட்ட ஸ்டூல், உயரம் மாற்றும் பியானோ பெஞ்ச், இந்த இரண்டில்தான் மனம் நிற்கிறது. வாசிக்கும்போது நான் சாய்வதில்லை. ஆனாலும் இடையிடையே முதுகைச் சாய்க்க ஏதாவது இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது. முதுகுச் சாய்வுள்ள டிரம் ஸ்டூலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சாய்வுப் பகுதி முழங்கையில் இடிக்குமா?

இன்னொன்று. கிளாசிக்கல் பாணியில் இடது காலுக்குக் கீழே குட்டி ஸ்டூல் வைத்துப் பார்த்தேன். கிட்டார் அழகாக நிமிர்ந்தது, ஆனால் ஒரு பக்க இடுப்பு தூக்கிக்கொண்டு வலித்தது. அதற்குப் பதிலாகத் தொடைமேல் வைக்கும் கிட்டார் தாங்கியைப் பயன்படுத்தியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். நாற்காலியை மாற்றுவதா, முதலில் தாங்கி வாங்குவதா?