பொருள்: டார்கெட்டிங் = தலைதாக்கல்?

> அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (தலைக்கவசம் அணிந்து, பந்தைக் கையிலேந்தி மோதி ஆடும் ஆட்டம்) தலையாலோ தலையிலோ வன்மையாகத் தாக்குவதைத் தடுக்கும் டார்கெட்டிங் விதிக்கு நம் அகராதியில் ‘குறிவைத்தல்’ என்றே போட்டுவிடலாமே?

வேண்டாம் ஐயா. குறிவைத்தல் என்றதும் படிப்பவர் ஆட்டக்காரரின் உள்நோக்கத்தைத் தேடுவார். நடுவர் பார்ப்பதோ உடம்பை: தரையை விட்டு எம்பிப் பாய்ந்தாரா, குனிந்து மேல்நோக்கி உந்தினாரா, மோதுமுன் தலையைத் தாழ்த்தினாரா, தோளையோ முழங்கையையோ எதிராளியின் தலை, கழுத்துக்குக் கொண்டுபோனாரா. இவற்றில் ஒன்றாவது தெரிய வேண்டும்.

விதி இரண்டு பிரிவாக இருக்கிறது. 9-1-3: தலைக்கவசத்தின் உச்சியால் யாரையும் எங்கேயும் வன்மையாக மோதக் கூடாது, நெஞ்சில் பட்டாலும் குற்றம்தான். 9-1-4: தற்காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவரின் தலையிலோ கழுத்திலோ எதனாலும் தாக்கக் கூடாது. முதலாவது தலையால் தாக்குவது, மற்றது தலையைத் தாக்குவது. ‘தலைதாக்கல்’ என்றால் வேற்றுமைத்தொகை இரண்டுக்கும் விரியும். கைதட்டல் போல ஒற்றில்லாமலே எழுதலாம்.

> ‘தலைமோதல்’ இன்னும் எளிதாயிற்றே?

எளிதுதான். ஆனால் இருவர் தலையும் தற்செயலாக முட்டிக்கொள்வதும் அதில் அடங்கிவிடும், அது குற்றமில்லை.

---

தலைதாக்கலுக்கு என் ஆதரவு. அகராதிக் குறிப்பில் இந்தத் தடைக்கான காரணத்தையும் சேருங்கள். கழுத்தெலும்பு இயல்பில் சற்றே வளைந்தது. தலையைச் சுமார் 30 பாகை தாழ்த்தினால் அது நேராகிவிடும். அப்போது உச்சியில் படும் அடியைத் தசை தாங்காது, எலும்புத் தொடர் வழியே நேராக இறங்கும். கழுத்து முறிவது பெரும்பாலும் அடித்தவருக்கு. 1976லேயே தலையால் குத்துவதைத் தடை செய்தது இதற்காகத்தான்.

‘உச்சி’யையும் வரையறுக்க வேண்டும்: தலைக்கவசத்தின் மேல்முனையிலிருந்து 6 அங்குல ஆரத்துக்குள் அடங்கும் பகுதி. இந்த அளவைப் போடாவிட்டால் குழப்பம் வரும்.

தண்டனைச் சொற்களில் சிக்கலில்லை. குற்றம் செய்த அணிக்கு விதிக்கும் 15 கெஜ இழப்போடு, ஆட்டக்காரரின் ‘வெளியேற்றம்’ 2013இல் சேர்ந்தது. அந்த ஆண்டு ஒரு கேலிக்கூத்து: காணொளி மறுபார்வையில் வெளியேற்றம் ரத்தானாலும் 15 கெஜம் அப்படியே நின்றது. அடுத்த ஆண்டு திருத்தினார்கள். 2019 முதல் மறுபார்வையாளர் ஒன்று ‘உறுதி’ என்பார், இல்லையேல் ‘ரத்து’. ‘களத் தீர்ப்பே நிற்கட்டும்’ என்ற நடுவழி டார்கெட்டிங்குக்கு மட்டும் கிடையாது. ஆகவே ‘உறுதிப்படுத்தல்’, ‘நிலைநிறுத்தல்’ (களத் தீர்ப்பை நிற்க விடுவது) இரண்டையும் ஒரே சொல்லாக்கிவிடாதீர்கள்.

---

> தற்காத்துக்கொள்ள முடியாதவர் – ‘காப்பற்றவர்’?

கவசம் அணியாதவர் என்று பொருள்படும். பந்தை எறிந்துகொண்டிருப்பவர், அந்தரத்தில் பிடிக்கப் பாய்ந்தவர், உதைத்து முடித்தவர், தரையில் கிடப்பவர் எல்லாரும் முழுக் கவசத்தோடுதான் இருக்கிறார்கள்; அடி வருவதைப் பார்த்துத் திரும்ப நேரமில்லை, அவ்வளவே. ‘எதிர்கொள்ளவியலாதவர்’ என்கிறேன். நீளம்தான், ஆனால் பிசகாது. மாற்று இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். தலைதாக்கல், உச்சி, வெளியேற்றம் மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.