நானேகாட் கணவாயைக் கடக்க வழி சொல்லுங்கள்

மும்பை செம்பூரிலிருந்து பதினோரு பேர், ஆகஸ்ட் கடைசி ஞாயிறு மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள நானேகாட் ஏறப் போகிறோம். குர்லாவில் மாறிக் கல்யாண், அப்புறம் மால்ஷேஜ் வழிப் பேருந்தில் அடிவாரக் கிராமமான வைசாகரே. அதுவரை சரி. ஏறிய வழியே இறங்காமல், மலைக்கு அந்தப் பக்கமுள்ள ஜுன்னர் ஊருக்குப் போய்விட ஆசை.

சாதவாகனர் காலத்து வணிகப் பாதை அது. மேலே குகையில் சாதவாகன அரசி நாகனிகாவின் பிராமிக் கல்வெட்டும், சுங்கக் காசு போட்டதாகச் சொல்லப்படும் கல் ஜாடியும் இருக்கின்றன. அம்மாவுக்குக் கட்டாயம் காட்ட வேண்டும். 61 வயது, நன்றாக நடப்பார். மழையில் பாறைப்படிகள் வழுக்குமே என்பதுதான் என் பயம்.

பெரியவர்களோடு மழைக்காலத்தில் ஏறியவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு நேரம் ஆனது? மேலே உள்ள காட்கர் கிராமத்திலிருந்து மாலையில் ஜுன்னருக்கு வண்டி கிடைக்குமா, முன்பே ஜீப் பேசி வைக்க வேண்டுமா? கூட வர ஊர்க்காரர் யாராவது கிடைப்பார்களா என்பதையும் சொல்லுங்கள்.