இலங்கையின் யால பூங்காவில் சஃபாரி: ஜீப்பிலிருந்து எடுத்த சிறுத்தைப் படங்கள் கலங்கல்

கேள்வி:
100-400 மிமீ லென்ஸ், அதிகாலை வெளிச்சம், ஷட்டர் வேகம் 1/250 நொடி. சிறுத்தை கிளையில் அசையாமல் படுத்திருந்தும் ஒரு படமும் ஷார்ப்பாக இல்லை. ட்ரைபாட் கொண்டுபோகலாமா?

பதில்:
வேண்டாம், ஜீப் தளத்தின் அதிர்வை அது அப்படியே கேமராவுக்கு ஏற்றிவிடும். முதலில் இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். ஒன்றரை கிலோ அரிசி போட்ட துணிப்பையை ஜீப்பின் கம்பிமேல் வைத்து லென்ஸை அதில் அழுத்துங்கள். பையைப் பிதுங்க நிரப்பினால் லென்ஸ் உருளும். 400 மிமீ-க்கு ஷட்டர் 1/500, சிறுத்தை நடந்தால் 1/1000. ஆட்டோ ஐஎஸ்ஓவை (கேமராவே கூட்டிக்கொள்ளும் ஒளியுணர்திறன்) 6400 வரை விடுங்கள். அதனால் படத்தில் வரும் நாய்ஸை (புள்ளிகளை) பிறகு குறைக்கலாம், கலங்கலுக்கு மருந்தில்லை.

பதில்:
பக்கத்தில் இருப்பவர் எழுந்தாலே ஜீப் ஆடும், முன்பே சொல்லிவையுங்கள். வெயில் ஏறியபின் தூரத்து விலங்கு என்றால் தரையின் வெக்கையில் காற்றே அலையடிக்கும். எந்த ஷட்டரும் உதவாது.

கேட்டவர்:
வெளுத்த வானத்துக்கு எதிரே சிறுத்தை கறுப்பாக வருகிறதே?

பதில்:
கேமராவின் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்ச அளவை) +1 முதல் +1.7 வரை கூட்டுங்கள். வானம் வெறும் வெள்ளையாகிப் போனால் போகட்டும். குறுக்கே இலை இருந்தால் சிங்கிள் பாயின்ட் ஃபோகஸ், கண்மேல்.