லானி ஜான்சன் 78 தட்டு: சரியான சுருதி எது?

நண்பர்களே, கிடார் கலைஞர்கள் லானி ஜான்சனும் எடி லாங்கும் சேர்ந்து வாசித்த 'டூ டோன் ஸ்டாம்ப்' தட்டைக் கணினியில் ஏற்ற முயன்று சிக்கிக்கொண்டேன். ஓகே (OKeh) என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் 78 தட்டு (நிமிடத்துக்குச் சுமார் 78 முறை சுழல்வது), 1928 நவம்பரில் நியூயார்க்கில் பதிவானது. கறுப்பின மக்களுக்கென விற்ற வரிசைத் தட்டு இது; லாங் வெள்ளைக்காரர் என்பதால் லேபிளில் அவர் பெயர் 'பிளைண்ட் வில்லி டன்'. அந்தக் காலத்து வியாபாரம் அப்படி!

சிக்கல் இதுதான்: 78.26 சுழற்சியில் ஓடவிட்டால் இரண்டு கிடாரும் ஒன்றோடொன்று அழகாகச் சேர்கின்றன. ஆனால் எல்லாச் சுரங்களும் இரு கட்டைகளுக்கு நடுவில் தொங்குகின்றன. 76க்குக் குறைத்தால் ட்யூனர் (சுருதி காட்டும் கருவி) ஒப்புக்கொள்கிறது. 80.5க்கு ஏற்றினாலும் ஒப்புக்கொள்கிறது, அடுத்த கட்டையில்!

டர்ன்டேபிள் ஆடியோ-டெக்னிகா எல்பி120. அதன் வேகத்தைத் தனியாக அளந்தேன், குறையில்லை. 78க்கு உரிய 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசிதான். தட்டைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவினேன் (ஆல்கஹால் தட்டின் அரக்கைக் கரைத்துவிடும், யாரும் தொடாதீர்கள்). மறுவெளியீட்டுச் சிடிகளைக் கேட்டால் ஒன்றுக்கொன்று சுருதி ஒத்துப்போகவில்லை. ஜான்சனின் விரலோட்டத்தை வைத்து ஊகிக்கவும் பார்த்தேன். 76இல் ஒற்றைக் கம்பி ஓட்டங்கள் சற்றுச் சோர்ந்து கேட்கின்றன, ஆனால் அது என் காதின் ஆசையாகவும் இருக்கலாம். கிடாரை எந்தச் சுருதிக்கும் கூட்டிக்கொள்ளலாம். பியானோ அப்படி இளகாது; அதன் சுருதியை வைத்துத் தட்டின் சரியான வேகத்தைக் கணிக்கலாம். அதனால்தான் கேட்கிறேன்:

அதே நாட்களில், அதே நியூயார்க் ஒலிப்பதிவுக் கூடத்தில், பியானோவுடன் பதிவான ஓகே தட்டு எது என்று யாருக்காவது தெரியுமா?