டெரி காலியரை நேரில் கேட்டவர்கள், சந்தித்தவர்கள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

லண்டனிலிருந்து

சிக்காகோ நகரத்துப் பாடகரும் கிட்டார் கலைஞருமான டெரி காலியர் 2012 அக்டோபரில், தமது 67ஆம் வயதில், தொண்டைப் புற்றுநோயால் காலமானார். கறுப்பின அமெரிக்கர்களின் சோல் பாடல், ஜாஸ், நாட்டார் பாடல் என்று கடைக்காரர்கள் தனித்தனி அடுக்குகளில் வைக்கும் மூன்று இசைகளும் அவர் குரலில் பிரித்தறிய முடியாதபடி கலந்திருந்தன. அவரை மேடையில் கண்டவர்கள், கச்சேரி முடிந்தபின் ஓரிரு வார்த்தை பேசக் கிடைத்தவர்கள், அவருடைய ஏதேனும் ஒரு பாடலோடு நெடுநாள் வாழ்ந்தவர்கள் என அனைவரும் இங்கே எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். என் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கேம்டன் டவுனில் உள்ள ஜாஸ் கஃபே, முன்பு ஒரு வங்கியாக இருந்த கட்டடம். கீழே மேடையை ஒட்டி நின்றும் கேட்கலாம், மேல்தளத்தில் உணவருந்தியபடியும் கேட்கலாம். தொண்ணூறுகளின் இறுதியில் அங்கே அவரைக் கேட்கப் போனபோது நான் கீழே, பாடகரின் விரல்கள் தெரியும் தூரத்தில் நின்றிருந்தேன். என்னைச் சுற்றி நின்றவர்களில் பலர் இருபதுகளில் இருந்தார்கள். அவர்கள் மனப்பாடமாக வைத்திருந்த பாடல்களில் சில, அவர்கள் பிறப்பதற்கு முன்பே பதிவானவை. காலியர் ஆரவாரமின்றி வந்து கிட்டாரை மடியில் வைத்து, முதல் பாடலைத் தொடங்கும்போதே கண்களை மூடிக்கொண்டார். மதுக்கூடத்தில் கண்ணாடிக் குவளைகள் மோதும் ஓசை அடங்குவதற்குச் சற்று நேரம் ஆனது. அதற்காக அவர் குரலை உயர்த்தவில்லை. கூட்டம்தான் தன்னைத் தாழ்த்திக்கொண்டது.

அன்று ‘லாசரஸ் மேன்’ பாடினார். இறந்து, கல்லறையிலிருந்து எழுப்பப்பட்ட விவிலியத்து லாசரஸ் தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்த பாட்டு அது. கிட்டாரின் ஒரே சிறு சுழற்சி திரும்பத் திரும்ப வர, அதன்மேல் அவர் கதையை அவசரமில்லாமல் விரித்துக்கொண்டு போனார். பல ஆண்டுகள் இசையை விட்டு விலகியிருந்த ஒருவர் அதைப் பாடும்போது, கேட்பவர்கள் அவருடைய வாழ்க்கையையும் அதில் சேர்த்துக் கேட்பது இயல்பே. ஆனால் அவர் பாடிய விதத்தில் தன்னிரக்கத்தின் சாயல் சிறிதும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லும் சாட்சியின் குரலாகவே அது இருந்தது.

முடிந்தபின் இசைத்தட்டுகளில் கையெழுத்து வாங்குவதற்காக ஒரு வரிசை நின்றது. அவர் யாரையும் விரைவாக அனுப்பவில்லை. என் முறை வந்தபோது என் பெயரைக் கேட்டார், சொன்னேன். அதைத் தாமே ஒருமுறை உச்சரித்துப் பார்த்து, சரிதானா என்று என் முகத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே எழுதினார். இந்த நாட்டில் என் பெயரைச் சுருக்கிக் கூப்பிடுவதற்கு வழி கேட்டவர்களே அதிகம் என்பதால், அந்தச் சில நொடிகள் எனக்குப் பெரிதாகப்பட்டன.

வட இங்கிலாந்திலிருந்து

நான் பழைய இசைத்தட்டுகளை வாங்கி விற்கும் தொழிலில் இருந்தவன். ஆகவே மனிதரைச் சந்திப்பதற்கு வெகுகாலம் முன்பே தட்டுகளைத்தான் சந்தித்தேன். கேடட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் அவர் செய்த மூன்று தொகுப்புகள், ‘அகேஷனல் ரெயின்’ (1972), ‘வாட் கலர் இஸ் லவ்’ (1973), ‘ஐ ஜஸ்ட் கான்ட் ஹெல்ப் மைசெல்ஃப்’ (1974), ஆகியவை கடைக்கு வந்தால் அடுக்கில் ஏறுவதற்கு முன்பே போய்விடும். வெளிவந்த காலத்தில் அவை பெரிதாக விற்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

அந்தத் தட்டுகளைப் பற்றிப் பேசும்போது சார்ல்ஸ் ஸ்டெப்னியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ரோட்டரி கனெக்‌ஷன், ராம்ஸே லூயிஸ், எர்த் விண்ட் அண்ட் ஃபயர் ஆகிய இசைக்குழுக்கள், கலைஞர்களுடனும் பணியாற்றிய அந்த இசையமைப்பாளர்தான் காலியரின் கிட்டாரைச் சுற்றி வயலின்களையும் கொம்பு வாத்தியங்களையும் எழுப்பியவர். ‘டான்சிங் கேர்ள்’ பாடலைக் கவனமாகக் கேளுங்கள். ஏறத்தாழ ஒன்பது நிமிடம் ஓடும் அந்தப் பாட்டு, தனிக் குரலும் கிட்டாருமாக, யாரோ அறைக்குள் தமக்குத்தாமே பாடிக்கொள்வதைப் போலத் தொடங்குகிறது. வயலின்கள் எப்போது நுழைந்தன என்று நமக்குத் தெரிவதில்லை. தெரியும்போது அவை ஏற்கெனவே உயர்ந்து நிற்கின்றன. பிறகு தாளம் மாறி நடை வேகம் கொள்கிறது, குரலும் உச்சத்துக்கு ஏறிச் சொற்களைக் கைவிட்டு ஓசையாகவே மாறுகிறது. இவ்வளவு பெரிய அமைப்புக்குள்ளும் ஸ்டெப்னி அந்தக் கிட்டாரை ஒருபோதும் புதைத்துவிடவில்லை. அவர் 1976இல், நாற்பதுகளின் நடுவிலேயே இறந்துபோனார். காலியரின் பிற்காலத் தொகுப்புகளை நான் விரும்பிக் கேட்கிறேன் என்றாலும், அந்தக் கூட்டணியின் இழப்பு அவற்றில் எனக்குக் கேட்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இங்கிலாந்து அவரைத் தேடிப் போன கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1982இல் சிறிய நிறுவனம் ஒன்றின் வழியாக ‘ஐ டோன்ட் வான்ட் டு சீ மைசெல்ஃப்’ என்ற ஒற்றைப் பாடல் தட்டை அவர் வெளியிட்டிருந்தார். எண்பதுகளின் இறுதியில் எங்கள் நடனக் கூடங்களில் அது ஓடத் தொடங்கியது. ஆசிட் ஜாஸ் என்ற லண்டன் இசைத்தட்டு நிறுவனத்தின் எடி பில்லர் அவரைத் தேடிப் பிடித்து அதை மறுபடி வெளியிட அனுமதி பெற்றார். அதைத் தொடர்ந்து 1991இல் லண்டனின் 100 கிளப் என்ற இசைக்கூடத்தின் மேடைக்கு காலியர் வந்தார். தமது தட்டுகளின் உறைகளைக் கையில் பிடித்தபடி ஒரு கூட்டம் வேறொரு கண்டத்தில் காத்திருக்கும் என்று அவர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

நான் அவரைச் சில ஆண்டுகளுக்குப் பிறகே பார்த்தேன். ‘வாட் கலர் இஸ் லவ்’ தட்டின் அமெரிக்க முதல் பதிப்பை நீட்டினேன். கையெழுத்திடுவதற்கு முன் உறையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார். வாசித்தவர்களின் பெயர்கள் அச்சாகியிருந்த இடத்தில் அவர் விரல் நின்றது. பேனாவைத் திறந்தபோது, அந்தப் பெயர்களின்மேல் மை படாதபடி ஓரமாக இடம் பார்த்துத்தான் எழுதினார்.

சிக்காகோவிலிருந்து

நான் அவரை நேரில் சந்திக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அவர் வாழ்ந்த ஊரில் அவர் செய்த அதே கணினி நிரல் தொழிலை நான் செய்கிறேன்.

1983இல் அவருடைய மகள் அவரோடு வாழ வந்தார். நிலையான வருமானமில்லாத இசைத்தொழிலை வைத்துக்கொண்டு ஒரு பெண்குழந்தையை வளர்க்க முடியாது என்று முடிவெடுத்த காலியர், கணினி நிரல் எழுதப் படித்து, சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கருத்தாய்வு மையத்தில் வேலையில் சேர்ந்தார். மாலை நேரங்களில் சமூகவியலும் படித்தார். பிரிட்டனிலிருந்து அழைப்பு வந்த பிறகும் அந்த வேலையை விட்டுவிடவில்லை. விடுமுறை நாட்களைச் சேர்த்து வைத்துக் கடல் கடந்து பாடிவிட்டு, திரும்பி வந்து மறுபடியும் மேசையில் அமர்ந்தார். 1998இல் ‘டைம்பீஸ்’ தொகுப்புக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் சமாதான விருது கிடைத்தபோதுதான், தங்களோடு வேலை செய்பவர் யார் என்பது அலுவலகத்தில் பலருக்குத் தெரியவந்தது. அதன்பின் அந்த வேலை அவருக்கு இல்லாமல் போனது. முழுநேர இசைக்குத் திரும்பினார்.

பத்திரிகைகளில் அவரைக் குறிப்பிடும்போதெல்லாம் ‘மறக்கப்பட்ட மேதை’, ‘காணாமல் போனவர்’ என்ற சொற்கள் வருகின்றன. எனக்கு அவற்றில் உடன்பாடில்லை. காணாமல் போனவர் என்றால் யாருக்கு? அவருடைய மகளுக்கு அவர் ஒவ்வொரு நாளும் வீட்டில் இருந்தார். நான் என் மகனைத் தனியாக வளர்த்தவள். பள்ளி விடும் நேரத்துக்குள் ஒரு நிரலின் பிழையைக் கண்டுபிடித்து முடிக்க வேண்டிய நெருக்கடி என்னவென்று எனக்குத் தெரியும். அதைச் செய்துகொண்டு, இவ்வளவு பெரிய குரலை உள்ளே வைத்துக்கொண்டு, கசப்பில்லாமல் இருப்பது எத்தகைய பலம் என்றும் தெரியும். அந்த ஆண்டுகளை வீணான ஆண்டுகளாக எழுதுவது அவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.

அவர் சிறுவனாக வாழ்ந்த கப்ரினி கிரீன் என்ற அரசுக் குடியிருப்புப் பகுதிக்கு ஒரு முறை போயிருந்தேன். பின்னாளில் புகழ்பெற்ற சோல் பாடகர்களான கர்ட்டிஸ் மேஃபீல்டும் ஜெரி பட்லரும் சிறுவர்களாக அங்கே அவரோடு பாடித் திரிந்தவர்கள். உயரமான அடுக்குமாடிகளில் கடைசியானது 2011இல் இடிக்கப்பட்டுவிட்டது. இப்போது புதிய வீடுகளும் கடைகளும் நிற்கின்றன, அந்த மூவரின் தடயத்தை அங்கே தேடுவதில் பயனில்லை. ‘டைம்பீஸ்’ தொகுப்பில் மேஃபீல்டின் ‘பீப்பிள் கெட் ரெடி’யைத் தம்முடைய மெட்டு ஒன்றோடு இணைத்துப் பாடியிருக்கிறாரே, அதை வீடு திரும்பும் ரயிலில் கேட்டேன். கழுத்து முறிந்து பல ஆண்டுகளாகப் படுக்கையில் இருந்த பழைய தோழனின் பாட்டைப் பாடும்போது அந்தக் குரலில் இருக்கும் பரிவை, இங்கே எழுதுபவர்கள் யாராவது மேடையில் கேட்டிருந்தால் விரிவாகச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து

என் அறிமுகம் வேறு வழியில் நடந்தது. மாஸிவ் அட்டாக் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவினர் 2006இல் வெளியிட்ட ‘லிவ் வித் மீ’ பாடலில் பாடியவர் யார் என்று தேடியபோதுதான் காலியரின் பெயரைக் கண்டேன். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், ஒருவரை உடன் வாழ வரும்படி இவ்வளவு நேராகக் கேட்க முடியும் என்பதே எனக்கு வியப்பாக இருந்தது. ஆங்கிலப் பாடகி பெத் ஆர்ட்டன் அவரோடு 1997இல் பாடிய ‘டால்ஃபின்ஸ்’ பாடலையும் அதன் பிறகு தேடிக் கேட்டேன். மேலே மூவரும் எழுதியதைப் படித்த பின் இன்றிரவு கேடட் தொகுப்புகளைத் தொடங்கப் போகிறேன்.

லண்டனிலிருந்து, இன்னொருவர்

கிட்டார் கற்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எல்லாரும் எழுபதுகளிலிருந்து தொடங்குகிறீர்கள். அவருடைய முதல் தொகுப்பைக் கேட்காமல் அவர் கையைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

பதினேழு வயதில் செஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஒரு பாடல் பதிவு செய்திருந்தார். மடி வாட்டர்ஸ், எட்டா ஜேம்ஸ் போன்ற பெயர்பெற்ற பாடகர்களோடு ஊர் ஊராகப் போகும் வாய்ப்பு வந்தபோது, படிப்பை முடித்த பிறகே மற்றதெல்லாம் என்று தாயார் தடுத்துவிட்டார். அதன்பின் சிக்காகோவின் மெக்கீஸ் என்னும் கூடத்தில் ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் நால்வர் குழுவைக் கேட்டார். அவர்கள் தங்கள் வாசிப்புக்குத் தங்களையே முழுமையாகக் கொடுத்த விதம் அவரை நிலைகுலையச் செய்தது. தாமும் அப்படிக் கொடுக்க முடியுமா என்ற கேள்வியோடு சில காலம் மேடையை விட்டே ஒதுங்கியிருந்தார்.

அந்தக் கேள்விக்கான விடையை, 1964இல் ஒரே நாளில் பதிவான ‘தி நியூ ஃபோக் சவுண்ட் ஆஃப் டெரி காலியர்’ தொகுப்பில் கேட்கலாம். தயாரிப்பாளர் சாமுவேல் சார்ட்டர்ஸ் ஒலிநாடாக்களோடு மெக்சிகோவுக்குப் போய்விட்டதால், தொகுப்பு வெளிவர வெகுகாலம் ஆனது. அதில் இருப்பவை பெரும்பாலும் பழைய நாட்டார் பாடல்கள். கருவிகளோ ஒரு கிட்டாரும், டபுள் பாஸ் எனப்படும் கனத்த ஒலியுடைய பெரிய நரம்புக் கருவி இரண்டும் மட்டுமே. இரண்டு பாஸ் கருவிகளை ஒருசேர வைத்துக்கொள்ளும் யோசனை கோல்ட்ரேனிடமிருந்து வந்தது. ஒன்று சுருதிபோல் அடியில் நிலைத்து நிற்க, மற்றொன்று குரலோடு உரையாடுகிறது. தாளக்கருவி எதுவும் இல்லாதபோதும் பாட்டு எங்கும் தளரவில்லை, ஏனென்றால் காலத்தைப் பிடித்திருப்பது அவருடைய வலது கைக் கட்டைவிரல்.

ஜாஸ் கஃபேயில் நானும் பின்னாளில் அவரைக் கேட்டிருக்கிறேன். முழுக் குழுவோடு, மேளமும் சாக்ஸஃபோனும் சூழப் பாடிக்கொண்டிருந்தபோதும் அந்தக் கட்டைவிரல் அதே வேலையைச் செய்துகொண்டிருந்ததை மேல்தளத்திலிருந்து பார்த்தேன். குழு ஓய்ந்து அவர் தனியே வாசித்த இடங்களில் வேகம் சிறிதும் மாறவில்லை. நிகழ்ச்சிக்குப் பிறகு, நானும் கிட்டார் வாசிப்பவன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் என் இடது கையை வாங்கி, விரல் நுனிகள் காய்த்திருக்கின்றனவா என்று தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

முதல் தொகுப்பில் உள்ள ‘900 மைல்ஸ்’ பாடலை வாசிக்க முயன்றுகொண்டிருக்கிறேன். வலது கை ஓரளவு வந்துவிட்டது. ஆனால் அவர் எந்தச் சுருதி அமைப்பில் நரம்புகளைக் கட்டியிருந்தார், சுருதியை உயர்த்த நரம்புகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற பிடியை மாட்டியிருந்தாரா என்பதைப் பதிவிலிருந்து தீர்மானிக்க முடியவில்லை. அவர் மேடையில் சுருதி சேர்ப்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் இங்கே இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.